அப்பாவின் ரீலா, புது ரீலா? (கடல் தூண்டில்: வாசகர் கேள்விகள்)

கேள்வி: அப்பா எழுபதுகளில் வாங்கிய பச்சை நிற பென் 704 தூண்டில் ரீல் என்னிடம் இருக்கிறது. இன்றும் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் கூட வருகிறவர்கள், "அதை அலமாரியில் வைத்துவிட்டு, தண்ணீர் புகாத புது ரீல் வாங்கு" என்கிறார்கள். அண்ணா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, முதலில் அந்த ரீலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பென் நிறுவனம் 1932-இல் தொடங்கியது. அதன் ஸ்பின்ஃபிஷர் வரிசை 1961-இல் வந்தது. உங்கள் பச்சை ரீல் அந்த வரிசைதான். நானும் அதில்தான் தூண்டில் வீசப் பழகினேன்.

பக்கத்து மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பழைய கிரீஸைத் துடைத்து, புது கிரீஸ் தடவி மூட ஒரு மணி நேரம் போதும். கடல் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும் என்று தெரிந்து செய்த ரீல் அது. உள்ளே வந்த தண்ணீரை நீங்களே வெளியேற்றிவிடலாம்.

புது ரீல் தண்ணீரை வாசலிலேயே தடுக்கப் பார்க்கிறது. கைப்பிடி நுழையும் இடம், டிராக் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்), நூலைச் சுற்றிவிடும் சுழலி என்று எல்லா இடத்திலும் ரப்பர் வளையம். டைவாவின் மேக்சீல் ரீல்களில் ரப்பருக்குப் பதில், காந்தத்தால் பிடித்து நிறுத்திய எண்ணெய். அலைக்குள் இடுப்பளவு இறங்கி நின்று வீசுகிறவருக்கு இது பெரிய வரம். பழைய ரீல் அங்கே ஒரே நாளில் மணலும் உப்புமாக நறநறத்துவிடும்.

ஆனால் அடைத்த ரீலை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். தண்ணீர் புகாது என்றார்களே என்று இரண்டு வருடம் திறக்கவே இல்லை. ஒரு வளையம் லேசாகத் தேய்ந்து, கொஞ்சம் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. பெரிய மீன் ஒன்று இழுத்த நேரத்தில் கைப்பிடி திடீரெனப் பின்பக்கமாகச் சுழன்று என் விரல் முட்டியில் அடித்தது. வீட்டில் திறந்து பார்த்தால், பின்சுழற்சியைத் தடுக்கும் ஒருவழி பெயரிங் துருவேறிக் கிடந்தது. உங்கள் 704-இல் அந்த வேலையைச் செய்வது ஒரு பல்லும் கொக்கியும். கைப்பிடி கொஞ்சம் பின்னால் ஆடி, 'டக்' என்று நிற்கும். அந்த ஆட்டம் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் நிம்மதி.

பழையது தோற்கிற இடம் டிராக். நாள்பட்ட வாஷர்கள் காய்ந்து போனால், மீன் இழுக்கும்போது நூல் சீராகப் போகாமல் விட்டு விட்டுப் போகும், சட்டென்று அறுந்துவிடும். இதற்காக ரீலையே மாற்ற வேண்டாம். பல பழைய ரீல்களுக்கும் பொருந்தும் கார்பன் வாஷர்கள் கிடைக்கின்றன, அவற்றை மட்டும் மாற்றுங்கள். அப்புறம், நூல் உருளும் ரோலரைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சிழை சிக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் மாற்றிவிடுங்கள்.

படகிலும் பாலத்திலும் நின்று பிடிப்பவராக இருந்தால் அப்பாவின் ரீலே போதும். அலைக்குள் இறங்குவீர்கள் என்றால் இன்னொன்று, அடைத்த வகை, வாங்குங்கள். அதையும் வருடம் ஒருமுறை பழுது பார்க்கக் கொடுங்கள்.

கேள்வி: என் ரீலில் ஐபிஎக்ஸ்5 என்று போட்டிருக்கிறது. பிடித்து முடித்ததும் குழாயை முழு வேகத்தில் திறந்து கழுவுகிறேன். சரிதானே?

பதில்: வேண்டாம். அந்த எண் நன்னீர்ப் பீச்சலைத் தாங்குமா என்று சோதித்ததற்கான அடையாளம். நிமிடத்துக்கு 12.5 லிட்டர், சில நிமிடங்கள், புதுப் பொருளின் மேல். தண்ணீருக்குள் மூழ்கினால் தாங்கும் என்று அது சொல்லவில்லை. உப்பைப் பற்றியும், இரண்டு வருடம் உழைத்துத் தேய்ந்த ரப்பரைப் பற்றியும் சொல்லவில்லை. வேகமான தண்ணீர் வெளியே ஒட்டியிருக்கும் உப்பை உள்ளே தள்ளிவிடும்.

டிராக்கை இறுக்கிக்கொண்டு, மழைத்தூறல் போல மெல்லத் தண்ணீர் விடுங்கள். உதறி, துணியால் துடைத்து, நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவிட்டு எடுத்து வையுங்கள். இறுக்கியபடியே வைத்தால் வாஷர்கள் நசுங்கிக் கிடக்கும். பழைய ரீலுக்கும் இதே முறைதான்.

கேள்வி: பழைய ரீலில் பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய) நூல் சுற்றினேன். டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் மீன் நூலை இழுத்துக்கொண்டே போகிறது. டிராக் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் டிராக்கின் குற்றமாக இருக்காது. பிரெய்டு வழுக்கும். வழவழப்பான ஸ்பூலில் (நூல் சுற்றியிருக்கும் உருளை) நேராக முடிச்சுப் போட்டுச் சுற்றினால், நூல் மொத்தமாக ஒரு கட்டி போல ஸ்பூலின் மேல் சுழலும். ஸ்பூலைக் கையால் பிடித்துக்கொண்டு நூலை இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எல்லாவற்றையும் உருவிவிட்டு, அடியில் சில சுற்று சாதாரண நைலான் நரம்பைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டை முடிந்து, ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால், பெரிய மீன் இழுக்கும்போது மேல் நூல் அடி நூலுக்குள் புதைந்து சிக்கிவிடும்.

டிராக்கை விரலால் இழுத்துப் பார்த்து வைக்காமல் தராசு மாட்டி வையுங்கள். 10 கிலோ தாங்கும் நூலுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோவில் நூல் வழுக்கத் தொடங்க வேண்டும். பிரெய்டுக்கு நரம்பைப் போல நீளும் தன்மை கிடையாது. அதனால் இந்த அளவைத் தாண்டி இறுக்காதீர்கள்.