பல்பு அட்டையில் எதைப் பார்த்து வாங்குவது?

சென்னையில் முப்பது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் கரண்ட் பில் பேச்சு வந்தபோது, பல்பு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

பெரம்பூர் அக்கா: தம்பி, பிளாட்பாரத்தில் விற்பதும் 9 வாட்ஸ், கடையில் விற்பதும் 9 வாட்ஸ். அப்புறம் ஏன் விலை இவ்வளவு வித்தியாசம்?

அக்கா, வாட்ஸ் என்பது பல்பு சாப்பிடுகிற கரண்ட். அது தருகிற வெளிச்சத்துக்கு லூமன் என்று பெயர். 9 வாட்ஸுக்கு ஒன்று 900 லூமன் தரும், இன்னொன்று 700 லூமனோடு நின்றுவிடும். பில் ரெண்டுக்கும் ஒன்றுதான். லூமனை வாட்ஸால் வகுத்துப் பாருங்கள். 900-ஐ 9-ஆல் வகுத்தால் 100. இந்த எண் கூடக்கூட நல்ல பல்பு.

அட்டையில் இருக்கும் நட்சத்திரமும் இந்தக் கணக்கை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், அதாவது பி.இ.இ., எல்.இ.டி பல்புகளுக்கு இதை 2015-ல் விருப்பத் திட்டமாகக் கொண்டு வந்து, 2018-ல் கட்டாயமாக்கியது. பிளாட்பார பல்பில் நட்சத்திரமும் இருக்காது, லூமனும் போட்டிருக்காது. அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

வியாசர்பாடி தம்பி: அண்ணா, வீட்டில் மூணு ரூமிலும் ஜீரோ வாட்ஸ் பல்பு ராத்திரி முழுக்க எரியுது. அதுக்குக் கரண்ட் ஆகாதுதானே?

இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பெயரில்தான் ஜீரோ. பழைய இழை பல்பாக இருந்தால் அது சுமார் 15 வாட்ஸ் இழுக்கும். ராத்திரிக்கு 10 மணி நேரம், பில் போடுகிற 60 நாள் என்று கணக்குப் போட்டால் ஒரு பல்புக்கு 9 யூனிட், மூணுக்கும் சேர்த்து 27 யூனிட். அரை வாட்ஸ் எல்.இ.டி நைட் லாம்ப் மூணு போட்டால் மொத்தமே ஒரு யூனிட்டுக்குக் கீழே. ஹாலில் 9 வாட்ஸ் எல்.இ.டி மாட்டியவர்கள்கூட இந்தக் குட்டி பல்பை மாற்ற மறந்துவிடுகிறார்கள். முதலில் இதை மாற்று தம்பி.

வேளச்சேரி சகோதரி: மஞ்சள் வெளிச்சம் போட்டால் பில் கூடுமா?

எல்.இ.டியில் பெரிய வித்தியாசம் இல்லைம்மா. அட்டையில் கெல்வின் என்று போட்டிருப்பது வெளிச்சத்தின் நிறம்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. படுக்கையறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின் கண்ணுக்கு இதமாக இருக்கும். சமையலறைக்கு 6500 போடுங்கள்.

அண்ணா நகர் ஐயா: 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஆறே மாதத்தில் போய்விட்டதே?

பல்பு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்ததா ஐயா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். எல்.இ.டியில் ஒளி தருகிற சில்லு அவ்வளவு சீக்கிரம் போகாது. அடிப்பாகத்தில், வீட்டுக் கரண்ட்டைச் சில்லுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற டிரைவர் சர்க்யூட்தான் சூட்டில் முதலில் போகும். காற்றுப் புகாத கூண்டு, அதோடு நம் ஊர் மே மாத வெயில் என்றால் எப்படித் தாங்கும்? கூண்டைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் குறைந்த வாட்ஸ் போடுங்கள்.

ராயபுரம் அக்கா: பழைய சி.எஃப்.எல் கீழே விழுந்து உடைந்துவிட்டது. ஆபத்தா?

அதில் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது அக்கா. பயப்பட வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் வழித்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

திருவொற்றியூர் தம்பி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி மங்கலாக எரியுதுண்ணா. பல்பு கோளாறா?

பல்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அது வழியாகக் கசிகிற துளி கரண்ட்டே எல்.இ.டிக்குப் போதும். அப்படியென்றால் ஆபத்து இல்லை. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் என்றால்தான் கவலை. பழைய வீடுகளில் சில இடங்களில் பேஸை, அதாவது கரண்ட் வருகிற வயரை விட்டுவிட்டு, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரை சுவிட்சுக்குக் கொண்டு வந்திருப்பார்கள். அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றும்போது ஷாக் அடிக்கும். நீ கை வைக்காதே. வயர்மேனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, பேஸை சுவிட்சுக்கு மாற்றச் சொல். அதுவரை அந்த ஹோல்டரில் யாரும் பல்பு மாற்ற வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவை.