இரட்டைத் தலைக் கழுகு பொறித்த பழைய ரஷ்யச் செப்புக்காசில் உள்ள சின்னங்கள் எதைக் குறிக்கின்றன?

என்னிடமும் ஒன்று இருக்கிறது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் (1762–1796) காலத்து ஐந்து கோபெக். நூறு கோபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள். முதல்முறை கையில் வாங்கியபோது அதன் கனம்தான் என்னை அசத்தியது. 51 கிராம்! நம் பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு ஐந்தைச் சேர்த்தாலும் அந்த எடை வராது.

எல்லோர் கண்ணும் முதலில் கழுகின் மேல்தான் போகும். தலைகளுக்கு மேல் மகுடங்கள், ஒரு காலில் செங்கோல், மறு காலில் சிலுவை வைத்த உருண்டை. பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசின் கடைசிப் பேரரசருடைய தம்பி மகள் சோஃபியாவை மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் 1472-இல் மணந்தார். 1497-இல் அவருடைய முத்திரையில் இந்தக் கழுகு வந்துவிட்டது. அந்த மண உறவு வழியாக வந்த சின்னம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள்.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது கழுகின் மார்பை. அங்கே ஒரு சின்னக் கேடயம், அதற்குள் பாம்பு போன்ற பறவைநாகத்தை (டிராகனை) குத்தும் குதிரைவீரன். மாஸ்கோவின் சின்னமான புனித ஜார்ஜ். 1535-இல் நடந்த நாணயச் சீர்திருத்தத்தில் வெள்ளிக்காசில் ஈட்டி ஏந்திய குதிரைவீரனைப் பொறித்தார்கள். ரஷ்ய மொழியில் ஈட்டிக்குக் 'கோப்யோ' என்று பெயர். கோபெக் என்ற சொல் அதிலிருந்து பிறந்ததாகக் கொள்வார்கள். அப்படியென்றால் காசின் பெயருக்கான காரணம் அந்தக் காசிலேயே, கழுகின் நெஞ்சில் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று இரவு லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்புறம் மகுடத்தின் கீழே கேத்தரினின் பெயரெழுத்து, உள்ளே இரண்டு என்ற ரோமன் எண், சுற்றிலும் இலைக்கொத்து வளையம், இருபுறமும் பிரித்து எழுதிய ஆண்டு.

கழுகின் இருபக்கமும் உள்ள எழுத்துகள் நாணயச்சாலையைக் காட்டும். என் காசு யூரல் மலைப்பகுதியில் உள்ள யெகாத்தரின்பூர்க்கில் அடித்தது. அந்த ஊர்ப் பெயர் இந்தக் கேத்தரினால் வந்தது அல்ல. 1723-இல், ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் காலத்தில், அவருடைய மனைவி கேத்தரினின் பெயரால் வைத்தது. சைபீரியாவுக்கென்று அடித்த காசில் கழுகே கிடையாது. மென்மயிருக்குப் பேர்போன சேபிள் விலங்குகள் இரண்டு கேடயத்தைத் தாங்கி நிற்கும். எனக்கு அதன்மேல் பெரிய ஆசை, இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள் காசில் 1763 அல்லது அதை ஒட்டிய ஆண்டு இருக்கிறதா? இருந்தால் சாய்வான வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். 1762-இல் கேத்தரினின் கணவரும் அப்போதைய பேரரசருமான மூன்றாம் பீட்டர் ஒரு பூட் செம்பில், அதாவது 16.38 கிலோவில், 16 ரூபிளுக்குப் பதில் 32 ரூபிளுக்குக் காசு அடிக்கச் சொன்னார். ஐந்து கோபெக் எடையில் பத்துக் கோபெக்! சில மாதங்களிலேயே அவர் கவிழ, கேத்தரின் பழைய கணக்குக்குத் திரும்பி, அதே காசுகள்மேல் மறுபடி ஐந்து கோபெக் அச்சைக் குத்தச் செய்தார். அதனால் சில காசுகளில் கழுகின் இறக்கைக்குப் பக்கத்தில் பீட்டர் காலத்து முரசோ கொடியோ மங்கலாகத் தெரியும்.

அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தத் தடமெல்லாம் போய்விடும்.