ஊராட்சிக்கு வரும் மத்திய மானியத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

மத்திய நிதியை எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் 15-ஆவது நிதிக்குழு 2021–26-க்குச் சொன்ன கணக்கு இது. மாநிலங்களுக்கிடையே பிரிக்கும்போது மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் எடை. மக்கள்தொகை என்றால் 2011 கணக்கெடுப்பு. அதற்குப் பிறகு முளைத்த நகர்கள் கணக்கிலேயே வராது. இது பெரிய அநியாயம் என்பது என் கருத்து.

மாநிலத்துக்குள் எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பதை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி பிரிப்பார்கள்.

சரி, உங்கள் ஊராட்சிக்குப் பத்து லட்சம் வந்தால்? அதே குழுவின் கணக்குப்படி மூன்று லட்சம் குடிநீருக்கு, மூன்று லட்சம் துப்புரவுக்கு. மேல்நிலைத் தொட்டிக் குழாய் கசிந்தால் முதல் மூன்றில் எடுக்கலாம், தெருவிளக்குக்கு முடியாது. அதற்கு மீதி நான்கு லட்சம்தான். அதிலும் சம்பளம் கொடுக்கக்கூடாது. கிராமசபையில் வரவு செலவைக் கேளுங்கள், இந்த மூன்றையும் தனித்தனியாக.