கேள்வி பதில்: லயத்தை விட்டால் எங்கே போவது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 57. இதே தோட்டத்தில் 30 ஆண்டுகளாக முதலில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பாலெடுத்தார், பிறகு செம்பனைக் காட்டில் உழைத்தார். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதால், நாங்கள் குடியிருக்கும் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) காலி செய்யச் சொல்கிறார்கள். ‘மிச்சம் பிடிக்கத் தெரியாதவன்தான் வீடில்லாமல் நிற்பான்’ என்கிறார் பெரியப்பா. அது சரியா?
- வாசகி, பெஸ்தாரி ஜெயா, மலேசியா

பதில்: சரியில்லை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிய சலுகை; வேலை போகும் நாளில் கூரையும் போய்விடும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்ததே தவிர, அவற்றைக் குடியிருப்பவருக்குச் சொந்தமாக்கவில்லை. வாசலில் முருங்கை நட்டு, சொந்தச் செலவில் பின்னால் குசினி இழுத்துக் கட்டி, மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும், 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி அந்த மண்ணில் உரிமை பிறப்பதில்லை.

மிச்சம் பிடித்திருந்தால் மட்டும் வாங்கியிருக்க முடியுமா? ஆண்டு வருமானத்தைப் போல் 3 மடங்குக்குள் இருப்பதே கட்டுப்படியாகும் வீடு என்பது பொதுவான அளவுகோல். மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு அது 61,200 வெள்ளி. உங்கள் லயம் இருந்த இடத்தில் எழப்போகும் இரட்டை மாடி வீட்டின் முன்பணத்துக்கும் வழக்கறிஞர் செலவுக்குமே அது பெரும்பாலும் கரைந்துவிடும். வங்கிகளோ பொதுவாக 70 வயதுக்குள் கடன் தீர வேண்டும் என்பதால், அப்பாவுக்குக் கிடைக்கக்கூடிய 13 ஆண்டுத் தவணை சம்பளத்தையே விழுங்கிவிடும். மாதம் 124 வெள்ளி வாடகையில் அரசு தரும் மக்கள் வீடமைப்பு அடுக்ககங்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கின்றன.

வீடில்லாதவர் என்று தெருவில் படுப்பவரை மட்டும் எண்ணினால், துணிப்பையோடு மகன் வீட்டுக் கூடத்தில் சில மாதம், மகள் வீட்டில் சில மாதம் என்று நகரும் முதியவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். (பெரியப்பா வீட்டில் எத்தனை அறைகள் என்று கேட்டுப் பாருங்கள்.)

எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். புதிய முதலாளி அதே நிபந்தனைகளோடு வேலை தர முன்வராவிட்டால், 1980ஆம் ஆண்டுப் பணிநிறுத்த இழப்பீட்டு விதிகளின்படி, 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் சேர வேண்டும். 30 ஆண்டுக்கு அது 600 நாள் சம்பளம். மாற்று வீடு தருவதாகச் சொன்னால், எந்த இடம், தரை வீடா அடுக்ககமா, எப்போது சாவி என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவைக் கட்டுவதற்காகத் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் டெங்கில் அடுக்ககங்களில் குடியேற்றப்பட்டு, தரை வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தன. லயத்துக் குடும்பங்கள் எல்லாம் ஒரே மனுவாகக் கொடுப்பது நல்லது.