அடி எண்ணும் கைக்கடிகாரம் கட்டினால் நடக்கும் பழக்கம் வந்துவிடுமா?

சீனி வருத்தம் இருக்கிறது, கிளினிக்கில் நடக்கச் சொல்கிறார்கள், நடக்க மனம் வரவில்லை, ஸ்மார்ட் வாட்ச் ஒன்று வாங்கினால் பழக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போலக் கதிரையில் இருந்து வேலை செய்பவர், பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறவர் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். எனக்குப் பழக்கம் வந்தது; ஆனால், அந்தக் கருவி எதை எண்ணுகிறது என்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் வந்தது.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து மூன்று கிலோமீற்றர் உள்ளே இருக்கும் கிராமத்தவன். கணக்கு எழுதுவது தொழில். 52 வயதில் என் எச்பிஏ1சி 8.4 என்று வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் சோதனை அது என்பதால், முதல் நாள் மட்டும் வாயைக் கட்டிவிட்டுப் போய்த் தப்பிக்க வழியில்லை. செய்தியைக் கேள்விப்பட்ட என் தம்பி, ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் கைக்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். "அண்ணை, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி. நான் இஞ்சையிருந்து பாத்துக்கொண்டிருப்பன்" என்றான்.

மூன்று வாரம் நான் வீரன். நாள் தவறாமல் பத்தாயிரத்தைத் தொட்டேன், தம்பி கைதட்டும் படங்களை அனுப்பினான், அலுவலகத்தில் இளையவர்களுக்கு நடையைப் பற்றி அறிவுரைகூடச் சொன்னேன். ஆனால் காலையில் விரலில் குத்திப் பார்க்கும் சீனியில் எந்த அசைவும் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் புறப்படுகையில் தற்செயலாகப் பார்த்தபோது கணக்கு 310. ஏ-9 வீதிக்கு ஏறி, வண்டியை விட்டு இறங்காமலே மறுபடி பார்த்தபோது 1,450.

அந்தக் கருவி காலைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் முடுக்கமானி என்ற அசைவு உணரி, மணிக்கட்டில் ஒரே தாளத்தில் வரும் அசைவுகளை அடிகள் என்று கணக்கிடுகிறது. எங்கள் கிரவல் வீதி குண்டும் குழியுமாக, பலகையில் வரிசையாக ஆணி அடித்ததுபோல் கிடப்பதால், மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை அதில் ஓடிய எனக்கு நாலாயிரத்து ஐந்நூறு அடி வரை இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அந்த வீதியை என் கண்ணெதிரே மூன்று தடவை நாடா பிடித்து அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். அளந்தவர்களின் அடிகளை யார் எண்ணினார்களோ தெரியாது.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்தேன். பரீட்சித்துப் பார்ப்பதற்காக மனைவியின் கையில் ஒரு நாள் கட்டிவிட்டேன். விடிய எழுந்து சமைத்து, பின்னேரம் வரை வயலில் குனிந்தபடி களை பிடுங்கிய அவருக்குக் கிடைத்தது இரண்டாயிரத்துச் சொச்சம். போதாததற்கு, "நீண்ட நேரமாக அசையவில்லை, எழுந்து நடமாடுங்கள்" என்று அது வயலுக்குள்ளேயே அதிர்ந்ததாம். "உங்கட தம்பியை வந்து பிடுங்கச் சொல்லுங்கோ" என்று கழற்றித் தந்துவிட்டார்.

பத்தாயிரம் என்பதும் மருத்துவர்கள் கண்டுபிடித்த எல்லையல்ல. ரோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரே "பத்தாயிரம் அடி மானி" என்பதுதான். 2019இல் அமெரிக்காவில் வயது முதிர்ந்த பெண்களை வைத்து வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி அளவிலேயே இறப்பு வீதம் குறைந்திருந்ததும், 7,500 அளவுக்கு மேல் கூடுதல் பலன் தெரியாததும் காணப்பட்டன. இதை வாசித்த பிறகு, மோட்டார் சைக்கிளில் ஏறும்போது கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் அல்ல, வீட்டு அலுமாரிக்குள் வைத்தேன். இலக்கையும் 6,000 ஆகக் குறைத்தேன்.

இப்போது காலை ஐந்தேமுக்காலுக்கு வாய்க்கால் கரையால் நடக்கிறேன். அதற்கு முந்தினால் யானை பயம், பிந்தினால் சோளகக் காலத்து வெயில். நண்பகல் ஒரு மணிக்கு "நடங்கள்" என்று சொல்லும் செயலிக்கு வன்னியின் ஓகஸ்ட் மாதம் தெரியாது. அந்த நினைவூட்டலை நிறுத்திவிட்டேன். உண்மையில் எனக்கு உதவியது அடிக்கணக்கைவிட, சீனி அளவை நாள்தோறும் பதிந்துவந்த செயலிதான். இரவில் புட்டை ஒரு நீத்துப்பெட்டி அளவு குறைத்த நாட்களும் நடந்த நாட்களும் சேர்ந்து வந்தபோது மறுநாள் கோடு இறங்கியதைக் கண்ணால் கண்டேன்.

விலை கூடிய கருவி வாங்கியிருந்தால் இப்படி ஏமாந்திருக்க மாட்டீர்கள் என்று சிலர் கீழே எழுதக்கூடும். இருக்கலாம், என் கையில் இருந்ததைப் பற்றித்தான் நான் சொல்கிறேன். ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 7.3க்கு வந்தது. இடையில் வைத்தியர் மெற்போமின் என்ற சீனிக் குளிசையின் அளவையும் கூட்டியிருந்ததால், புகழை முழுவதுமாக நடைக்கோ கடிகாரத்துக்கோ கொடுக்க மாட்டேன். நீங்கள் வாங்குவதானால் வாங்குங்கள், ஆனால் முதல் நாளே அதைக் கட்டிக்கொண்டு நூறு அடியை வாயால் எண்ணி நடந்து பாருங்கள், பிறகு உங்கள் ஊர் வீதியில் வண்டியிலும் ஒருமுறை ஓடிப் பாருங்கள்.

தம்பிக்கு நடந்ததைச் சொன்னபோது இரண்டு நாள் பேசவில்லை. அனுப்பிய கைதட்டல்களைத் திருப்பிக் கேட்கிறான்.