மைக்கில் திட்டியவரை உள்ளே தள்ள முடியுமா?

கேள்வி: வக்கீல் ஐயா அவர்களுக்கு வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியைச் சேர்ந்த சிறு தேயிலை விவசாயி நான். பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்று சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். அதே கோரிக்கையோடு பக்கத்து ஊர்க்காரரும் சுயேச்சையாக நின்றார். கடைசி வாரத்தில் டானிங்டன் முக்கில் ஜீப்பை நிறுத்தி, மைக்கில் என்னை ‘எட்டப்பன்’, ‘ஃபேக்டரிக்காரர்களின் கைக்கூலி’, ‘விவசாயிகளிடம் கேஸ் நடத்த வசூலித்த பணத்தைச் சாப்பிட்டவன்’, ‘குடிகாரன், பெண்டாட்டியே இவனை விட்டுப் போய்விட்டாள்’ என்றெல்லாம் பேசினார். அது வாய்ஸ் நோட்டாக எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றியது. என் மனைவி அவள் அம்மாவின் வைத்தியத்துக்காகக் கோவையில் இருக்கிறாள். பொறுக்க முடியாமல் நானும் பதிலுக்கு ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். இரண்டு பேருக்கும் டெபாசிட் போய்விட்டது. முடிவு வந்து மூன்று வாரம் ஆகிறது. தேர்தலை ரத்து செய்ய முடியுமா? அவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? 10 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்கப் போகிறேன். அங்கே பதிலுக்கு எவ்வளவு தூரம் பேசலாம்?

பதில்: தேர்தல் ரத்து என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். உங்களைத் திட்டியவரும் தோற்றவர்தான். தேர்தல் மனுவில் உயர் நீதிமன்றம் ரத்து செய்வது ஜெயித்தவருடைய தேர்வை. அதற்கு அந்தப் பொய்ப் பிரசாரத்தை ஜெயித்தவரோ அவருடைய தேர்தல் ஏஜெண்டோ செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் சம்மதத்தோடு நடந்திருக்க வேண்டும். சம்மதம் இல்லாமல் வேறு ஏஜெண்ட் ஒருவர் அவருடைய லாபத்துக்காகச் செய்ததென்றால், அதனால் முடிவே மாறியது என்றும் காட்ட வேண்டும். உங்கள் எதிராளிக்கும் ஜெயித்தவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 45 நாள் கெடு இன்னும் இருக்கிறதே, 2,000 ரூபாய்தானே டெபாசிட் என்று யாராவது ஆசை காட்டினால் சென்னைக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்.

‘எட்டப்பன்’, ‘கைக்கூலி’ இரண்டையும் கழித்துவிடலாம். அரசியல் மேடையில் ஒருவருடைய பொது நிலைப்பாட்டைப் பற்றி எவ்வளவு காரமாகப் பேசினாலும் நீதிமன்றம் அதிகம் தலையிடுவதில்லை. உங்கள் மனைவி பற்றிய பேச்சு அசிங்கமானது, மறுக்கவில்லை. ஆனால் அதை வழக்கில் சேர்த்தால், அவர் கோவையில் ஏன் இருக்கிறார் என்று ஆஸ்பத்திரி சீட்டோடு கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவர் அவர்தான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எந்த மாதிரிக் கேள்வியெல்லாம் கேட்பார் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எனக்கு எழுதினீர்களா?

மிஞ்சுவது ஒரே ஒரு வாக்கியம்: ‘கேஸ் நடத்த வசூலித்த பணத்தைச் சாப்பிட்டவன்.’ நடந்ததா இல்லையா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய பேச்சு இது, உங்கள் நேர்மையின் மீது நேராக விழுகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் அவதூறு வழக்கு போட இது போதும். இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. இதே சட்டத்தின் 175-வது பிரிவு, தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தோடு வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் சொல்வதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அதற்கு அபராதம் மட்டும்தான்.

ஆக வழக்கு இருக்கிறது. அந்த வழக்கை நீங்கள் தாங்குவீர்களா என்பதுதான் எனக்குக் கவலை. உங்கள் கடிதத்தின் நாலாவது பக்கம், நீல மை தீர்ந்து கறுப்பு மையில் எழுத ஆரம்பித்த இடத்தில், மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘வரவுக்கு நோட்டு இருக்கிறது. செலவுக்கு எழுதி வைக்கவில்லை. ஹெத்தையம்மன் சாட்சியாக ஒரு பைசா எடுக்கவில்லை.’ நான் நம்புகிறேன். மாஜிஸ்ட்ரேட் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

அவதூறு வழக்கில், சொன்னது உண்மை, பொது நலனுக்காகச் சொன்னேன் என்பது எதிரியின் முதல் கேடயம். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதுதான், சட்டப்படி. நடைமுறையில் கூண்டில் முதலில் நிற்பவர் புகார்தாரர். மொத்தம் எவ்வளவு வசூல்? யார் பெயரில் இருந்த வங்கிக் கணக்கில் போட்டீர்கள்? உங்கள் சொந்தக் கணக்கா? வக்கீல் பீஸுக்கு ரசீது உண்டா? ஆட்களை சென்னைக்குக் கூட்டிப் போன வேன் வாடகைக்கு பில் உண்டா? நாலு கேள்விக்கு ‘ஞாபகமில்லை’ என்றால் ஐந்தாவதுக்கு உங்கள் குரல் இறங்கிவிடும். பணம் கொடுத்த விவசாயிகளில் ஒருவர், எதிராளியின் மச்சானோ பங்காளியோ, வெளியே காத்துக்கொண்டிருப்பார். அவர் காவல் நிலையத்தில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் அது நம்பிக்கை மோசடி, 316-வது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. அவதூறுக்கு போலீஸ் நேராக வழக்குப் பதிய முடியாது, இதற்கு முடியும். மானத்தைக் காப்பாற்ற கோர்ட்டுக்கு வந்த பொருளாளர்கள் கணக்கு நோட்டோடு ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பணத்தைத் தொடாதவர்கள். கணக்கைத்தான் அவர்கள் தொட்டதில்லை.

அடுத்தது உங்கள் வாய்ஸ் நோட். கடிதம் முழுக்க அவர் பேசியதை வரிக்கு வரி எழுதிவிட்டு, நீங்கள் பேசியதை ‘அவர் மகளைப் பற்றி ஊரே பேசுவதைத்தான் சொன்னேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பென் டிரைவில் இருப்பதைக் கேட்டேன். அந்தப் பெண் வேட்பாளர் இல்லை, மேடை ஏறவில்லை, உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் பேசியதற்கு 79-வது பிரிவு, பெண்ணின் மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் சொல் என்று பாயும். மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு, இதிலும் போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போடலாம். ‘ஊரே பேசுகிறது’ என்பது தற்காப்பே ஆகாது. ஊர் வாயில் இருந்ததை வாய்ஸ் நோட்டுக்குக் கொண்டு வந்தவர் நீங்கள்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. தனியார் புகாரை மாஜிஸ்ட்ரேட் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிர்த்தரப்புக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு கொடுக்க வேண்டும். அந்த முதல் வாய்தாவிலேயே உங்கள் வாய்ஸ் நோட் கோர்ட்டுக்கு வந்துவிடும். அதைக் கேட்ட பிறகு உங்களைப் பாதிக்கப்பட்டவராகப் பார்ப்பது எந்த நீதிபதிக்கும் சிரமம்.

நான் எவ்வளவு கண்ணியமாகப் பிரசாரம் செய்தேன் பாருங்கள் என்று உங்கள் நோட்டீஸ் ஒன்றையும் இணைத்திருக்கிறீர்கள். பார்த்தேன். ரோஸ் தாள், மேலே உங்கள் போட்டோ, சின்னம், கீழே ‘இப்படிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை’. அச்சகத்தின் பெயர் எங்கே? வெளியிட்டவர் பெயர், முகவரி எங்கே? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127-ஏ பிரிவின்படி இரண்டும் இல்லாமல் தேர்தல் நோட்டீஸ் அடிப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதை வேறு யாருக்கும் கண்ணிய சாட்சியாக அனுப்பாதீர்கள்.

சாட்சி விஷயம் தனி. ஜீப்பைச் சுற்றி இருந்தவர்கள் நூறு பேர் கேட்டார்கள் என்கிறீர்கள். அந்த நூறு பேரும் இரண்டு வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறவர்கள். சம்மன் வந்த அன்று ‘காற்றில் சரியாகக் கேட்கவில்லை’ என்பார்கள். ஆடியோவுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும். அந்த ஆடியோ முதலில் வந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. இதையெல்லாம் தாண்டினாலும், புகார்தாரர் வராத நாளில் மாஜிஸ்ட்ரேட் எதிரியை விடுதலை செய்துவிட முடியும். இலை நன்றாக வரும் மாதங்களில் தோட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் நீங்கள் எத்தனை வாய்தாவுக்கு வருவீர்கள்? 10 லட்ச ரூபாய் நஷ்டஈட்டுக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம், 30,000 ரூபாய் முன்பணமாகவே போகும். மலையில் நடக்கும் இந்த மாதிரி வழக்கில் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

அதனால் ராஜியாகிவிடுங்கள். இதைக் கோழைத்தனம் என்று உங்கள் மருமகன் சொல்வார், கேஸை நடத்தப் போவது அவரில்லை. அவதூறுக்குத் தனியார் புகார் கொடுக்க மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. சிவில் வழக்குக்கு ஓராண்டு. அவசரம் எதுவும் இல்லை.

முதல் காரியமாக அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள். பேரத்தில் சேர்க்காமல், அவள் அப்பா என்ன செய்கிறார் என்று பார்க்காமல் செய்யுங்கள். எந்தெந்தக் குரூப்பில் உங்கள் நோட்டைப் போட்டீர்களோ அங்கெல்லாம் அதைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லுங்கள். வாசகத்தை மட்டும் உங்கள் வக்கீலிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள், எழுதிக் கொடுக்கும் மன்னிப்பு நாளைக்கு ஒப்புதலாகவும் வாசிக்கப்படலாம். அதன் பிறகு கணக்கு. வக்கீல் அலுவலகத்தில் பீஸ் ரசீதின் நகல் கேளுங்கள், வேன்காரரிடம் ஒரு எழுத்து வாங்குங்கள், வங்கி ஸ்டேட்மெண்ட் எடுங்கள். ரசீது இல்லாத செலவை ‘ரசீது இல்லை’ என்றே எழுதுங்கள். பழைய தேதியில் ரசீது தயாரித்தால் இன்றைக்கு இல்லாத குற்றம் ஒன்று புதிதாகச் சேரும். கணக்கைப் பணம் கொடுத்தவர்கள் கூட்டத்தில் வாசித்துக் கையெழுத்து வாங்கிய பிறகு எதிராளிக்கு நோட்டீஸ் போகட்டும்: பேசிய அதே இடத்தில், அதே குரூப்களில் திரும்பப் பெற வேண்டும் என்று. பணம் கேட்காதீர்கள். ‘இத்தனை லட்சம் கொடு, கேஸ் போடவில்லை’ என்று மத்தியஸ்தர் போனில் சொன்னால் அந்த ரெக்கார்டிங் மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேலேயே திரும்பும். பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து பேசட்டும், தடையில்லை. தண்டம், ஊர் விலக்கு என்று தீர்ப்பு எழுத ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளாட்சித் தேர்தலில் எவ்வளவு தூரம் பேசலாம் என்று கேட்டீர்கள். தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதி, கொள்கை, கடந்தகாலச் செயல்பாடு, செய்த வேலை இதோடு விமர்சனத்தை நிறுத்தச் சொல்கிறது, பொது வேலையோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடாதே என்கிறது. அந்த விதிக்குத் தனியாக சட்ட பலம் இல்லை. பல்லுள்ள பிரிவு, வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் பரப்புவதைத் தேர்தல் முறைகேடு என்று சொல்லும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4). சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்ள சட்டம் அது, ஆனாலும் உங்கள் நாக்குக்கு அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி தண்ணீர் டேங்க் கட்டவில்லை, சாலைக்கு வந்த பணத்தில் பாதிச் சாலைதான் போட்டார் என்று ஆவணத்தோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். அவர் வேட்புமனுவோடு கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தில் உள்ள வழக்கை அப்படியே வாசிக்கலாம். ‘வழக்கு நிலுவையில் இருக்கிறது’ என்று இருந்தால் அதையே சொல்லுங்கள். ‘திருடன்’ என்று சுருக்கினால் வழக்கு உங்களுடையதாகிவிடும்.

நான் பேசவில்லை, என் ஆள் பேசினான் என்ற சாக்கும் வேண்டாம். ராஜஸ்தானில் 1962 தேர்தலில் ஒரு கூட்டத்தில் எதிர் வேட்பாளரைத் திருடர்களுக்கெல்லாம் தலைவன் என்று வர்ணித்த கவிதையை வேறொருவர் வாசித்தார். ஜெயித்த வேட்பாளர் குமாரானந்த் அங்கே தலைமை வகித்து உட்கார்ந்திருந்தார். அவர் தேர்வு செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கவிதை என்பதால் விடவில்லை, வாய் அவருடையது இல்லை என்பதாலும் விடவில்லை. உங்கள் ஜீப்பில் மைக் பிடிக்கும் பையனும், குரூப் அட்மினாக இருக்கும் மருமகனும் உங்கள் கணக்கில்தான்.

இன்னொன்று, கடிதத்தில் இல்லாதது. தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட்டீர்களா? தோற்றவரும் முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணமில்லாமல் தவறினால் சட்டமன்றம், நாடாளுமன்றம் எதற்கும் மூன்று ஆண்டு நிற்க முடியாதபடி தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள். மைக் செட், ஜீப் வாடகை, அந்த ரோஸ் நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் பில்லை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஊட்டி கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். எதிராளிக்கான நோட்டீஸ் அதற்குப் பிறகு.