12 வருட மெத்தை: ஆடித் தள்ளுபடியிலேயே மாற்றலாமா, தீபாவளி வரை பொறுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை, நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இருவருக்குமாக மாதம் 42,000 ரூபாய் வருகிறது. வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாம் போக 3,000 ரூபாய் மிஞ்சினால் பெரிது. அவசரத்துக்கென்று வங்கியில் 60,000 ரூபாய் வைத்திருக்கிறோம். கல்யாணச் சீரோடு வந்த தேங்காய்நார் மெத்தைக்கு 12 வயது ஆகிறது. கொஞ்ச நாளாகக் காலையில் எழும்போது எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆடித் தள்ளுபடியில் ஒரு கடையில் கேட்டோம். பழைய மெத்தையைக் கொடுத்தால் 3,000 ரூபாய் குறைத்து, மெமரி ஃபோம் மெத்தை 34,000 ரூபாய்க்குத் தருவதாகவும், வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் கட்டலாம் என்றும் சொன்னார்கள். இன்னும் 10 நாள்தான் ஆஃபராம். "மெத்தை என்ன, கிழியவா செய்தது?" என்கிறார் கணவர். அம்மா தன் வீட்டில் இருக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தையை அடித்துத் தருகிறேன் என்கிறார். தீபாவளிக்குக் கணவருக்கு 14,000 ரூபாய் போனஸ் வரும். என்ன செய்யலாம்?

பதில்: மெத்தையை மாற்றத்தான் வேண்டியிருக்கும் சகோதரி. ஆனால் அந்த 34,000 ரூபாய் மெத்தை வேண்டாம், தவணையும் வேண்டாம். 10 நாள் கெடுவை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். தீபாவளிச் சமயத்தில் 15,000 ரூபாய்க்குள் ரொக்கமாக வாங்கினால் போதும். அதற்கு முன் ஒன்று உறுதியாகத் தெரிய வேண்டும். உங்கள் இடுப்பு வலிக்குக் காரணம் மெத்தைதானா?

குற்றம் கட்டிலிடம் இருக்க, மெத்தைக்குப் பணம் போட்டவர்கள் நிறையப் பேர். மெத்தையை இறக்கிவிட்டுக் கட்டில் பலகையைப் பாருங்கள். பிளைவுட் மெல்லியதாக இருந்து, அடியில் குறுக்குச் சட்டமும் குறைவாக இருந்தால் நடுவில் தொய்ந்துவிடும். ஒட்டடைக் கம்பைப் பலகையின் மேல் குறுக்காக வைத்தாலே இடைவெளி தெரிந்துவிடும். தொய்வு இருந்தால் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றி, கூடுதலாக ஒரு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள். மெத்தை விலையில் சிறு பகுதிதான் ஆகும். அதைச் செய்யாமல் மேலே எத்தனை ஆயிரத்துக்கு மெத்தை போட்டாலும் அதுவும் சேர்ந்து தொய்யும்.

அந்தப் பலகையில் பழுப்பு நிறத்தில் தூள் கொட்டிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். தேங்காய்நார் மெத்தை என்பது நாரை ரப்பர் பாலில் ஒட்டவைத்து அழுத்திச் செய்தது. வருடங்கள் ஆக ஆக ரப்பர் இறுகி நொறுங்கும். பிடிப்பு விட்ட நார் அழுந்தி உடையும். மேலே உள்ள துணி புதிதுபோல இருக்கும்போதே உள்ளே மெத்தை முடிந்துபோயிருக்கும். "கிழியவா செய்தது?" என்று கேட்கும் உங்கள் கணவருக்கு அந்தத் தூளைக் கையில் அள்ளிக் காட்டுங்கள்.

அடுத்தது பள்ளம். மெத்தையைத் தரையில் விரித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். இடுப்பு படும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவே எவ்வளவு இறக்கம் என்று உங்கள் தையல் டேப்பாலேயே அளந்துவிடலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால் அந்த மெத்தை இனி உடம்பைத் தாங்காது. வாரண்டி அட்டையில் நிறுவனங்களே பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்கு மேற்பட்ட பள்ளத்தைத்தான் குறை என்று ஒப்புக்கொள்கின்றன.

அப்புறம், அதே மெத்தையைத் தரையில் போட்டு நாலைந்து நாள் படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் கோளாறு பலகையில். குறையாமல் இருந்து, அம்மா வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய்ப் படுக்கும் நாட்களில் மட்டும் இடுப்பு லேசாக இருந்தால், மெத்தையில். எங்கே படுத்தாலும் வலிக்கிறது, காலுக்கு இறங்குகிறது, மரத்துப்போகிறது என்றால் மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். அப்படி இருந்தால் மெத்தைக்கான பணத்தை முதலில் வைத்தியத்துக்குத்தான் செலவிட வேண்டும்.

வயதைச் சொல்லியிருந்தீர்கள். நார் மெத்தையும் ஃபோம் மெத்தையும் பொதுவாக 7 முதல் 10 வருடம் உழைக்கும். 12 வருடம் என்பது நன்றாகவே உழைத்த கணக்கு. ஆனாலும் வயதை மட்டும் வைத்து மாற்றச் சொல்ல மாட்டேன். தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டு, நல்ல பலகையில் வைத்திருந்த மெத்தை அதற்கு மேலும் ஓடும். கனமான ஆள் ஒரே பக்கம் படுத்தால் ஐந்தாவது வருடத்திலேயே பள்ளம் விழும்.

மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தையல் ஓரங்களையும் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் மருந்தடிக்காமல் புது மெத்தையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரே மாதத்தில் அதிலும் ஏறிவிடும்.

இனி பணம். கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய மெத்தையும் தரவில்லை, தவணையும் வேண்டாம். முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் கடைசி விலை என்ன?" உதாரணத்துக்கு 31,000 ரூபாய் என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். அந்த நிமிடமே, 'வட்டியில்லா' தவணைக்கு 3,000 ரூபாய் வட்டி என்று தெரிந்துவிடுகிறது. மாதம் 2,833 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால் இது ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி. 31,000-க்கு 3,000 என்றால் 10 சதவீதத்துக்கும் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது, வருடம் முழுக்க 31,000 ரூபாயும் உங்கள் கையில் இருப்பதில்லை. இதற்கு மேல் பிராசஸிங் கட்டணம் வரும். கிரெடிட் கார்டு தவணையாக இருந்தால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டியை விலைக்குள் ஒளித்துவைப்பது மட்டும் நிற்கவில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் மாதக் கணக்கு. மிஞ்சுவதே 3,000 ரூபாய். தவணை 2,833 ரூபாய். ஒரு வருடம் முழுக்க உங்கள் கையில் நிற்பது மாதம் 167 ரூபாய். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், தையல் மிஷினுக்கு மோட்டார் போனாலும் தவணை தவறும், அபராதம் வரும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோரும் இறங்கும். கார்டில் பாக்கி விழுந்துவிட்டால் பல வங்கிகள் மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடுகின்றன.

ஆஃபர் முடிந்துவிடுமே என்று பயப்படவே வேண்டாம். ஆடி போனால் தீபாவளி, அது போனால் பொங்கல். தள்ளுபடி இல்லாத மெத்தைக் கடையை வருடத்தில் பாதி நாள் பார்க்க முடியாது. எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான். 12 வருட நார் மெத்தைக்கு யாரும் 3,000 ரூபாய் தர மாட்டார்கள். விலையில் முன்பே ஏற்றிவைத்ததைத்தான் குறைக்கிறார்கள்.

இந்த மாதத்திலிருந்து தீபாவளி வரை மாதம் 2,500 ரூபாய் தனியாக எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தில் 7,500. போனஸிலிருந்து 7,500. மொத்தம் 15,000 ரூபாய். மீதி 6,500 ரூபாய் போனஸ் துணிமணிக்கும் பலகாரத்துக்கும் இருக்கட்டும், பண்டிகையைக் குறைத்துக்கொண்டு மெத்தை வாங்க வேண்டியதில்லை. அதுவரை பலகையைச் சரிசெய்து, மெத்தையைத் திருப்பிப் போட்டு, பள்ளம் இல்லாத பக்கத்தில் நீங்கள் படுங்கள். தரை வசதியாக இருந்தால் தரையிலேயே போட்டுக்கொள்ளலாம்.

அந்த 60,000 ரூபாயைத் தொடாதீர்கள் என்பதுதான் என் பொதுவான பதில். உங்கள் செலவுக்கு அது ஒன்றரை மாதத்துக்குத்தான் வரும். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு சொல்வேன். நீங்கள் மிஷின் முன் உட்கார்ந்து சம்பாதிப்பவர். இடுப்பு வலியால் ஆர்டரைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால், அது வருமான இழப்பு. சோதித்துப் பார்த்ததில் காரணம் மெத்தைதான் என்று தெரிந்து, வேலையும் கெடுகிறது என்றால், 15,000 ரூபாயை அதிலிருந்தே எடுத்து வாங்கிவிடுங்கள். தீபாவளி வரை மாதம் 2,500 ரூபாயும், போனஸில் 7,500 ரூபாயும் போட்டு அதை நிரப்பிவிடுங்கள். இதற்கு வட்டி இல்லை, அபராதமும் இல்லை.

15,000 ரூபாய்க்கு நல்லது கிடைக்குமா? கிடைக்கும். ஐந்துக்கு ஆறரை அடியில், 6 அங்குலக் கனத்தில், நாரும் ஃபோமும் சேர்ந்த மெத்தையோ அடர்த்தியான ஃபோம் மெத்தையோ 10,000 முதல் 18,000 ரூபாய்க்குள் வாங்கலாம். ஃபோம் என்றால் அடர்த்தியைக் கேளுங்கள். 32 அல்லது 40 என்று சொல்வார்கள், ஒரு கன மீட்டருக்கு அத்தனை கிலோ என்று அர்த்தம். எண்ணைச் சொல்லாமல் "சூப்பர் குவாலிட்டி மேடம்" என்று மட்டும் சொல்லும் கடையில் வாங்காதீர்கள். 'ஆர்த்தோ' என்று அட்டையில் அச்சடித்திருப்பதால் எந்த மெத்தையும் வைத்தியம் ஆகிவிடாது. இடுப்பு வலிக்குக் கல் மாதிரி கெட்டியாகப் படுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதும் முழுச் சரியில்லை. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடத்தி, 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். கூச்சமே வேண்டாம், 10 வருடம் படுக்கப்போவது நீங்கள்தான்.

அம்மா சொன்ன இலவம்பஞ்சு மெத்தையை நான் ஒதுக்க மாட்டேன். நம் ஊர் வெயிலுக்கு அதைப்போலச் சூடு ஏறாத படுக்கை குறைவு, குழந்தைக்கு அருமையாக இருக்கும். ஆனால் இலவம்பஞ்சு இழை குட்டையானது, எளிதில் ஒடியும். ஓரிரு முறை அடிக்கலாம், அதற்கு மேல் தூளாகிவிடும். பிரித்துப் பார்த்துப் பஞ்சு பளபளப்பாக, கையில் கனமே இல்லாமல் இருந்தால் அடித்துக்கொள்ளுங்கள். கட்டி கட்டியாக, தூசியாக இருந்தால் கூலியும் புது மெத்தைத் துணியும் வீண். அடிக்கக் கொடுத்தால் கூடவே நின்று வாங்குங்கள், புதுப் பஞ்சு சேர்க்கிறேன் என்று கழிவுப் பஞ்சைக் கலப்பவர்களும் உண்டு. உங்கள் இடுப்புக்கு இது மட்டும் போதாது, சீக்கிரம் அமுங்கும். வெயிலில் காயப்போட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

புது மெத்தை வந்ததும் நீர் புகாத உறை ஒன்று போட்டுவிடுங்கள். கறை பட்டிருந்தால் வாரண்டி செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதிவைத்திருக்கின்றன. குழந்தை இருக்கும் வீட்டில் இந்த உறைதான் வாரண்டியைக் காப்பாற்றும். பில், சூட்டில் அச்சாகும் தெர்மல் தாளில் இருந்தால் இரண்டு வருடத்தில் எழுத்தே மறைந்துவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்துவையுங்கள். ஆன்லைனில் 100 நாள் படுத்துப் பார்த்துத் திருப்பித் தரலாம் என்று விற்கிறார்களே, அதில் திருப்பி எடுத்துப்போக யார் செலவு, பணம் முழுதாக வருமா என்று வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

தவணைக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் ஒரு சிறு துண்டை அடுத்த மெத்தைக்கு இப்போதே ஒதுக்கச் சொல்வேன். 15,000 ரூபாய் மெத்தை 10 வருடம் உழைத்தால் மாதம் 125 ரூபாய் தேய்கிறது. தபால் நிலைய ஆர்.டி.யில் (மாதாமாதம் பணம் போடும் தொடர் வைப்பு) மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். மாதம் 150 ரூபாய் போட்டால் 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 10,700 ரூபாய் ஆகும். மிக்சி, ஃபிரிட்ஜ், உங்கள் தையல் மிஷின் எல்லாம் ஒருநாள் தேய்ந்துபோகிறவைதான். முடிந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 500 ரூபாயாகப் போடுங்கள். அடுத்த முறை கடைக்காரர் தவணை அட்டையை நீட்டும்போது உங்களுக்கு அது தேவைப்படாது.

பழைய மெத்தையை, பள்ளம் விழுந்தது தெரிந்தே யாருக்கும் கொடுக்காதீர்கள். போகிக்கு என்று எடுத்துவைக்கவும் வேண்டாம், அதில் இருக்கும் ரப்பர் எரிந்தால் வரும் புகை குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கெடுதல். மாநகராட்சிக் குப்பை வண்டியில் வரும் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், பெரிய கழிவுகளை எந்த நாளில் எங்கே தர வேண்டும் என்று சொல்வார்கள்.